பாதிக்கும் கீழே

துளசிங்கம் தப்பான படத்தின் மேல் விரலை வைப்பதற்கு முன்னால், அவர் கண் சரியான படத்தைத் தொட்டுவிட்டு வந்தது. முதல் இரண்டு தடவை ஞானஜோதி அதைப் பொருட்படுத்தவில்லை. அப்புறம் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் கண்ணையே பார்க்க ஆரம்பித்தாள்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, ஒரு சந்தில் இருந்தது அந்த மாடி. வெளியே போர்டில் நோயின் பெயர் இல்லை. ‘மருத்துவ ஆலோசனை மையம்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. எச்.ஐ.வி. வந்தவர்களுக்கு ஞாபகம், கவனம், கை வேகம் எல்லாம் குறைகிறதா என்று டாக்டர் வைத்தீஸ்வரன் அங்கே ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். தொண்ணூற்றேழாம் வருஷம் அது. வெளிநாட்டில் புது மாத்திரைகள் வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்களே தவிர, இந்த மாடிக்கு வருகிறவர்கள் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. சைக்காலஜி படித்துவிட்டு சேலையூரிலிருந்து தினமும் வந்துபோய்க்கொண்டிருந்த ஞானஜோதிக்கு டெஸ்ட் எடுக்கிற வேலை.

இந்தப் படச் சோதனையைத்தான் அவள் எல்லோருக்கும் முதலில் வைப்பாள். பூட்டு, முறம், பம்புசெட், சைக்கிள் என்று ஒவ்வொரு படமாகக் காட்டுவாள். பிறகு இரண்டிரண்டு படமாக வைத்து, இதில் முன்னாடி பார்த்தது எது என்று கேட்பாள். வெளிநாட்டிலிருந்து வந்த அட்டைகளில் பனிச்சறுக்கு ஷூவும் பனிக்கட்டி வீடும் இருந்தன. இதெல்லாம் நம் ஆட்களுக்கு என்னவென்றே தெரியாது சார் என்று டாக்டரோடு சண்டை போட்டு அவள்தான் எல்லாவற்றையும் மாற்றி வரைய வைத்திருந்தாள். பார்வைக்குப் பெரிய ஞாபக சோதனை மாதிரி இருக்கும். ஆனால் சின்னப் பிள்ளைகூட முக்கால்வாசிக்கு மேல் சரியாகச் சொல்லிவிடும். ஞாபகத்தை அளக்க வைத்தது இல்லை அது. வந்தவர் மனசு வைத்துச் செய்கிறாரா இல்லையா என்று பார்க்க வைத்தது.

காய்ச்சலோடு வந்தவர்கள், சாப்பிடாமல் வந்தவர்கள், வாசலில் தெரிந்த முகம் வந்துவிடுமோ என்று பயந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்று சோதனையில் தடுமாறுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்களும் பாதிக்கு மேல் சொல்லிவிடுவார்கள். துளசிங்கம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு, “மண்டைல ஒண்ணுமே நிக்க மாட்டுது மேடம்” என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். மேஜைக்கு அடியில் அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

“என்ன வேலை பண்றீங்கண்ணா?”

“செங்கல் லோடு எறக்கறது.”

அவர் போனபிறகு டாக்டர் அறைக்குப் போய்ச் சொன்னாள். டாக்டர் தாளைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் முடிவு சொல்லிவிட்டார்.

“நடிக்கிறார் ஜோதி. ஏதோ சர்ட்டிஃபிகேட் வேணும் போல. இன்வாலிட்னு போட்டு எடுத்து வச்சிடு.”

“எதுக்காக நடிக்கிறார்னு கேட்க வேண்டாமா சார்?”

“அது நம்ம ஆராய்ச்சிக்கு வேண்டாதது.”

அவர் சொன்னதில் தப்பில்லை. பொய்யான பதில்களைச் சேர்த்தால் உண்மையான நோயாளிகளின் கணக்கும் கெட்டுப்போகும். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் சரியான படத்தைத் தொட்டுவிட்டு வந்த அந்தக் கண் அவளைவிட்டுப் போகவில்லை. ஏமாற்ற வந்தவனின் கண் மாதிரி அது இல்லை. பரீட்சையில் தெரிந்த பதிலை எழுதாமல் வெறும் தாளைக் கொடுக்கிற பிள்ளையின் கண் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் நீல நிற பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் காக்கிச் சட்டையோடு துளசிங்கம். சாப்பாட்டுக் கூடையோடு பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். அதில் ஒருத்தி அவள் தெருவிலேயே இருக்கிற தபீதாள் அக்கா. “ஜோதி, வேலைக்கா?” என்று படியில் நின்று கையாட்டினாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

ஞானஜோதி பிளாட்பாரத்திலேயே நின்றாள். பூட்டுக்கும் முறத்துக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி நேற்றுக் காட்டிக்கொண்ட ஆள், இன்றைக்கு ஒரு பஸ் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறார். அப்புறம் ஒரு சமாதானம் தோன்றியது. நடித்தார் என்றால் மூளை நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பொய்தான் சொன்னார். பொய்யன் நன்றாகவே பஸ் ஓட்டுவான். அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். சாயங்காலம்வரை அது தாங்கியது.

சாயங்காலம் தெருக் குழாயடியில் தபீதாளே வந்து பேச்சுக் கொடுத்தாள்.

“எங்க டிரைவருக்கு என்னமோ ஆயிடுச்சு ஜோதி. ஊரப்பாக்கத்துல ஏற வேண்டியவங்க கையக் காட்டிக்கிட்டே நிக்கறாங்க, இவரு பாட்டுக்குப் போறாரு. அப்புறம் கூடுவாஞ்சேரி தாண்டி நடு ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு சும்மா உக்காந்திருக்காரு. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக் கிழிக்கிறான்.”

“குடிச்சிருந்தாரா?”

“அந்த வாடையே இல்லடி. நல்ல மனுஷன். எல்லாரும் சிரிச்சுட்டோம். அவரும் சிரிச்சாரு.”

குடம் நிரம்பி வழிந்ததைக்கூட ஞானஜோதி கவனிக்கவில்லை. சொல்லிவிடலாமா? அக்கா, அந்த பஸ்ஸில் போகாதே என்று ஒரு வார்த்தை. ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் அந்த மனுஷனுக்கு வேலை மட்டுமா போகும்? வீட்டுக்காரன் வெளியே தள்ளுவான், தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடமாட்டார்கள். இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது என்று அவளே அவரிடம் சொல்லியிருந்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வீட்டில் அப்பா வில்பிரட் இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை. “என்னம்மா, கூண்டுக்குள்ள அடைச்ச மாதிரி முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கற?” என்றார் அவர்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். காலையில் நீல பஸ் தெரிகிறதா என்று பார்ப்பாள். தெரிந்தால் பயம், தெரியாவிட்டால் அதைவிடப் பயம். சாயங்காலம் தபீதாளின் செருப்பு அவள் வீட்டு வாசலில் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் நுழைவாள்.

சனிக்கிழமை துளசிங்கம் டி.பி. மாத்திரை வாங்க, மாடிக்குக் கீழே இருந்த மருந்துக் கவுண்டருக்கு வந்தார். அவரை மேலே கூப்பிட்டு, அறைக் கதவைச் சாத்தினாள்.

“அண்ணா, நீங்க செங்கல் இறக்கல. பஸ் ஓட்டுறீங்க. நான் பார்த்தேன்.”

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. “யார்கிட்டயாவது சொன்னீங்களா மேடம்?”

“இல்ல. சொல்லவும் மாட்டேன்.”

சொன்னபிறகுதான் தன் வாயைத் தானே கட்டிக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் மேலே பேசினாள்.

“அன்னிக்குப் படம் காட்டினேனே, ரெண்டுல ஒண்ணு. கண்ணை மூடிக்கிட்டு கையை வச்சாலே பாதி சரியா வந்திரும். உங்களுக்குப் பாதிக்கும் ரொம்பக் கீழே போயிருச்சு. சரியானது எதுன்னு தெரிஞ்சவங்களாலதான் அவ்வளவு தப்பு பண்ண முடியும்.”

துளசிங்கம் அவளைப் பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்தார். “தப்பு பண்றதுலயும் தப்பு பண்ட்டேனா?”

“எதுக்குண்ணா?”

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே எலெக்ட்ரிக் ரயில் ஒன்று வந்து நின்று கிளம்பும்வரை அதையே பார்த்தார்.

“சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டு கீது பாரு மேடம். அத்த தாண்டித்தான் கம்பெனி. ரெண்டு மாசம் முன்ன, கேட்டு தொறந்தாங்க, வண்டிய எடுத்தேன். தண்டவாளத்து மேல ஏறுன ஒடனே எஞ்சின் ஆஃப் ஆயிட்ச்சி. அது இன்னா பெரிய விஷயம்? சாவிய திருப்பணும், அவ்ளோதான். கை சாவி மேலயே கீது. அடுத்து இன்னா பண்றதுன்னு தெர்ல.”

“எவ்வளவு நேரம்?”

“யாருக்குத் தெரியும்? பின்னாடி பொம்பளைங்க பாட்டுப் பாடிகினு கீறாங்க. கேட்டுக்காரன் கத்தறான். எனக்குக் காதுல வியிது, ஆனா அவன் யாருக்கோ சொல்ற மாதிரி கீது. அப்பால யாரோ ‘எடுண்ணா’ன்னு தோள்ல தட்னாங்க. கை அதும்பாட்டுக்குத் திருப்பிச்சி. தாண்டுனதும் எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிப்போச்சி.”

“அப்பவே விட்டுட வேண்டியதுதானே?”

“நானா ஓட்டமாட்டேன்னு சொன்னா வேற ஆள வெச்சிப்பான் மேடம். டாக்டரு எய்தித் தந்தா, கம்பெனி வாசல்லயோ ஸ்டோர்லயோ போடுவான். யூனியன்ல அப்டித்தான் சொன்னாங்கோ. ஆனா நோவு பேரு அதுல வரக்கூடாது. இதுக்கு முன்ன ஒரு டாக்டராண்ட போனேன். இன்னிக்கு இன்னா கெழமை, நூறுலேந்து ஏழக் கழின்னாரு. சொன்னேன். நல்லாத்தான் கீற, போன்ட்டாரு. சரி, கொஞ்சமாத் தப்பு பண்ணா நம்ப மாட்டாங்கோன்னு இங்க வந்து...”

ஞானஜோதி மேஜை இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். நடிக்கிறார் என்று எடுத்து வைத்த அந்தத் தாள், இந்த மனுஷனை மறுபடியும் தண்டவாளத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்.

“இப்ப நிஜமா பண்ணுங்கண்ணா. உங்களால முடிஞ்ச அளவுக்கு.”

“நிஜமா பண்ணி, நல்லாத்தான் கீறேன்னு வந்துட்ச்சின்னா?”

“அப்ப அதைத்தான் எழுதுவோம்.”

“அப்ப அந்த ரயில்வே கேட்டுல ஆனது இன்னாது?”

அவள் பட அட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

படச் சோதனையில் இந்தத் தடவை ஒன்றுகூடத் தப்பவில்லை. விரல் நேராகப் போய் நேராக நின்றது. அடுத்து, தாளில் சிதறிக் கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்க வேண்டும். ஒன்று, பிறகு ‘அ’, இரண்டு, பிறகு ‘ஆ’. துளசிங்கம் பென்சிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். மூன்றிலிருந்து நாலுக்குப் போனார், நின்றார். “இல்ல, ‘இ’” என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார். மறுபடி எண்ணிலிருந்து எண்ணுக்குப் போனார். வாய்க்குள் முணுமுணுத்தபடி முதலிலிருந்து விரல்விட்டு எண்ணினார். வியர்வை சொட்டித் தாள் நனைந்தது. மற்றவர்கள் முடித்துவிட்டு எழுந்திருக்கிற நேரம் கடந்து, அதற்கு மேலும் போய்க்கொண்டிருந்தது. கடைசிவரை போய்ச் சேர்ந்தார். எந்தக் கோடும் தப்பாக நிற்கவில்லை. தப்பிய ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தார்.

பிறகு ஆணிப் பலகை. துளைகளில் சின்னச் சின்ன ஆணிகளைச் செருக வேண்டும். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பு ஏறிய கை. ஆணி துளைக்கு ஓரத்தில் தட்டித் தட்டி நழுவியது. கீழே விழுந்ததைக் குனிந்து தேடப்போனார். வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை, தவழ்ந்து போய் எடுத்துவந்து செருகினார்.

நேரம் முடிந்தது என்று சொன்னபோது துளசிங்கம் பலகையை விடவில்லை.

“இன்னொரு தபா மேடம்.”

“ஒரு தடவைதாண்ணா.”

“கை இன்னும் சூடு புடிக்கல. எட்டாவது படிக்கறப்பவே லாரி கியர் போட்டவன் நானு. இன்னொரு தபா குடு, போட்டுக் காட்றேன்.”

“அண்ணா...”

“தோக்கணும்னுதான வந்தேன்?” என்றார் அவர். “போன தபா எவ்ளோ ஈசியா தோத்தேன். இப்ப ஜெயிக்கணும்னு பாக்கறேன், முடில பாரு.”

பலகையின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞானஜோதி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்தார். அவள் டாக்டர் அறைக்கு ஓடாத குறையாகப் போனாள்.

டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “முதல்ல பொய் சொன்ன ஆள், இப்ப நிஜம்னு எப்படி நம்பறது?”

“அன்னிக்கு தெரிஞ்சே தப்பு பண்ணார் சார். இன்னிக்கு தப்பே விடல. நேரம்தான் போச்சு. நடிக்கிறவங்க தப்பை விட்டுட்டுப் போவாங்க. இவர் ஒவ்வொண்ணையும் தேடித் தேடித் திருத்தினார். நீங்களே வந்து பாருங்க.”

டாக்டர் வந்தார். நல்லவேளை, பெருமை பார்க்காத மனுஷன். துளசிங்கத்தின் விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். திரும்பும்போது துளசிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததை மறைக்கக் கையை உடனே எடுத்தும்விட்டார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, போய் உட்கார்ந்து எழுதினார். நரம்பு பலவீனம், வாகனம் ஓட்டக்கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை தரவும். நோயின் பெயர் இல்லை.

அவர் இறங்கிப் போனதும் டாக்டர் சொன்னார்: “ஆனா ஆராய்ச்சியில இவரைச் சேர்க்க முடியாது ஜோதி. ரெண்டாவது தடவை பண்ணதை எடுத்துக்கக் கூடாது. விதி அது.”

“அப்ப பயந்து பொய் சொல்றவங்க யாருமே நம்ம கணக்குல வரமாட்டாங்க சார். கடைசியில பயமில்லாதவங்க மூளையைப் பத்தி மட்டும்தான் எழுதியிருப்போம்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாள்களை உறையில் போட்டு மூடினார். அவளும் விதியை உடைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் அவளுக்கு வெகுநாள் தீரவில்லை.

திங்கட்கிழமை காலை வழக்கத்தைவிட முன்னாலேயே ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போய் நின்றாள். கம்பெனி பஸ் துளசிங்கத்தின் தெருவில்தான் ராத்திரி நிற்கும். “நான் எடுக்காங்காட்டி எல்லாரும் ரோட்டுல நிப்பாங்களே” என்று சனிக்கிழமை போகும்போது அவர் கவலைப்பட்டார். நிற்கட்டும் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். கேட்டாரோ இல்லையோ? பெண்கள் கூட ஆரம்பித்தார்கள். தூரத்தில் நீலமாக எது வந்தாலும் எட்டிப் பார்த்தாள். ஒன்று தண்ணி லாரி. ஒன்று வேறு கம்பெனி பஸ். நேரம் ஓடியது.

“லேட்டா போனா கேட்ட சாத்திடுவான் பாவி. இந்தாளுக்கு என்ன வந்துச்சு இன்னிக்கு?” என்று தபீதாள் புலம்பினாள்.

“டவுன் பஸ்ல போங்கக்கா. இதோ செங்கல்பட்டு வண்டி வருது” என்றாள் ஞானஜோதி. முகத்தில் சிரிப்பு வந்துவிடப் போகிறதே என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதே மாதிரி ஒரு டவுன் பஸ்ஸில்தான் துளசிங்கமும் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பயணியாகக் கம்பெனிக்குப் போயிருந்தார். மேனேஜர் அவரை மத்தியானம்வரை வெளியே நிற்க வைத்தார். எந்த நரம்பு, எப்படி பலவீனம் என்று குடைந்தார். யூனியன்காரர் கூட நின்றார். கடைசியில் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற இடத்தில் போட்டார்கள். பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்தான். அவன் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறான் என்று தபீதாளுக்குக் குறை.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு பெண்பிள்ளை தனியாக மாடி ஏறி வந்தாள். துளசிங்கத்தின் மனைவி கிளியம்மாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“சொல்ட்டாரும்மா. இத்தினி நாளு டி.பி.ன்னு சொல்லிகினு இருந்தவரு, போன மாசம் சாப்டும்போது சொல்ட்டாரு. நான் கைய கழுவிகினு எந்திருச்சிட்டேன். நாலு நாளு மூஞ்சி குடுத்துப் பேசல.”

“இப்ப?”

“இப்ப இன்னா, பேசறேன். எங்க போறது? என் ரத்தத்தப் பாருங்க.”

பார்த்தார்கள். அவளுக்கு இல்லை. மூன்று மாசம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று ஞானஜோதி சொன்னபோது கிளியம்மாள் தலையாட்டினாள். அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

“ஒண்ணு கேக்கணும். பொண்ண இஸ்கூல்லேந்து இட்டாறது அவருதான். ஸ்டோர்ல சீக்கிரமா வுட்டுடறாங்க. முடிச்சூர் ரோட்டத் தாண்டணும். ஒரே லாரி. விடலாமா, வேணாமா?”

எண்களை இணைக்கவும் ஆணிகளைச் செருகவும் அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பது ஞானஜோதிக்குத் தெரியும்.

“தெரியலம்மா.”

“நீங்கதான டெஸ்ட்டு பண்ணீங்க?”

“பண்ணேன். ஆனா அதுல ரோடு கிடையாது.” கொஞ்சம் யோசித்துவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “வாங்க, போய்ப் பார்ப்போம்.”

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு சைக்கிள் கடையின் நிழலில் இரண்டு பேரும் நின்றார்கள். மணி அடித்தது. துளசிங்கம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் வந்தார். இளைத்திருந்தார். லாரிகள் போயின. காலியான இடைவெளி ஒன்று வந்தது. அவர் அசையவில்லை. இன்னொன்று வந்தது. அப்போதும் நின்றார். கிளியம்மாள் ஞானஜோதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். “ஏன் நிக்கறாரு? அதுமாதிரி ஆயிட்ச்சா?”

பின்னால் மற்ற பிள்ளைகளின் தாய்மார் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். துளசிங்கம் மகளோடு நகர்ந்து அவர்கள் நடுவே போய் நின்றுகொண்டார். அவர்கள் காலெடுத்து வைத்தபோது அவரும் வைத்தார். அவர்கள் நின்றபோது நின்றார். கூட்டத்தோடு கூட்டமாக ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, பெரிதாக மூச்சு விட்டார்.

“ஆளுங்களோட சேந்து வராரு,” என்றாள் கிளியம்மாள் மெதுவாக. “அதுக்குத்தான் நின்னுகினு இருந்தாரு.”

“தினமும் இப்படித்தான் போல.”

“ஒரு நாளும் சொன்னதில்ல.”

அவள் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தவள் மாதிரி எதிரே நடந்துபோனாள். மகளின் புத்தகப் பையை வாங்கிக்கொண்டாள். துளசிங்கம் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். மூன்று பேரும் மழைத் தண்ணீர் தேங்கிய தெருவுக்குள் ஓரமாகத் திரும்பினார்கள்.

தாம்பரம் போகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் “ஏறும்மா, ஏறும்மா” என்றான். ஞானஜோதி ஏறவில்லை. தன் சோதனை எதிலும் வராத ஒன்றைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து போகிற நிலையில் அவள் இல்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, லாரிகள் வாரியடிக்கிற சேற்றுக்கு ஒதுங்கி ஒதுங்கி, ஸ்டேஷன்வரை நடந்தே போனாள்.